மூன்று ஊற்றுக்கண்

ஜனவரி 8

மண்ணாய்ப் பொறுத்து, மழையாய்ப் பொழிந்து, மலையாய் நிமிர்ந்து நிற்கும் பெருமானை முதற்கண் வணங்கி, அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

நான் நலம். நீயும் உன் மனைவியும் என் மருமகளும் நலமாய் இருக்க அவனை வேண்டுகிறேன். முழங்கால் வலி வழக்கம்போல் வருகிறது. வந்ததை உட்காரச் சொல்லிவிட்டு என் வேலையைப் பார்க்கிறேன். ஓய்வு பெற்ற பின்னும் மருந்தகத்தார் என்னை விட்டபாடில்லை. முற்பகலில் கீழே இறங்கி, மருத்துவர்கள் கிறுக்கியதைப் படித்து மாத்திரை எடுத்துக் கொடுக்கிறேன். பிற்பகல் மாடி அறையில் மறைநூலும் பழம்பாட்டுமாய்க் கழிகிறது.

நீ ஒரு குன்றையே கட்டப்போவதாக உன் மனைவி எழுதியிருந்தாள். படைத்தவன் செய்த வேலையை நீ எந்திரங்களைக் கொண்டு செய்யப் போகிறாய், பணிவோடு செய். ஆனால் இத்தனை பெரிய செய்தியை நீ ஏன் எனக்குச் சொல்லவில்லை? எங்கே எழுகிறது அந்தக் குன்று, யார் கொடுத்த வேலை, எல்லாம் விவரமாக எழுது. தொலைபேசியில் அழைக்காதே. உன் அத்தான் போன செய்தி அதன் வழியாகத்தான் வந்தது. அன்று முதல் அதை நான் தொடுவதில்லை என்பது உனக்குத் தெரியும்.

எல்லா நலமும் பெறுக.
அக்கா

ஜனவரி 27

மதிப்பிற்குரிய அக்காவுக்கு வணக்கம்.

நாங்கள் மூவரும் நலம். உங்கள் மருமகளுக்கு இரண்டு நாள் காய்ச்சல் இருந்தது, இப்போது இல்லை. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா?

வேலையைப் பற்றிக் கேட்டீர்கள். பழைய தொழிற்சாலை ஒன்றை இடித்த வெற்றிடத்தில் நகரசபைக்காக ஒரு பூங்கா. அதன் நடுவே குன்று. ஊரெங்கும் அடித்தளம் தோண்டிய மண் லாரிகளில் வந்து குவிகிறது. ஓட்டுநர் இருக்கையே இல்லாத பெரிய மண்வாரி ஒன்று அதை அள்ளிப் பரப்புகிறது. குட்டி உருளைகள் நான்கு பின்னாலேயே போய் அழுத்துகின்றன. நான்கு காலில் நடக்கும் அளவை ரோபோ ஒன்று சரிவில் ஏறி இறங்கி, நான் வரைந்த வடிவத்தோடு ஒவ்வொரு அடுக்கையும் ஒப்பிடுகிறது. இரண்டு விரல் பிசகினாலும் மண்வாரியைத் திரும்பக் கூப்பிட்டுவிடும். பணியாளர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் மாமியார். நேற்று மேற்பார்வையாளர் ஓடி வந்து, "அண்ணே, மாமியார் மூஞ்சியத் தூக்கிட்டாங்க, மூணாவது அடுக்கு பிடிக்கலையாம்" என்றார். "மருமகன் என்ன சொல்றான்?" என்று கேட்டேன். "அவன் பாவம், வாயைத் திறக்காம மறுபடி அள்ளிட்டிருக்கான்" என்றார். மருமகன் என்பது மண்வாரி.

செலவை ஏற்றிருப்பவர் ஒரு பெரியவர். பூங்காவை ஒட்டியே அவருடைய புதிய வீடு.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
தம்பி

பிப்ரவரி 5

சொல்லுக்கும் மௌனத்துக்கும் சாட்சியாய் இருப்பவனை வணங்கி, தம்பிக்கு எழுதுவது.

நலம். குழந்தைக்குக் காய்ச்சல் திரும்பினால் மருந்தின் அளவை உடல் எடையைப் பார்த்துக் கொடு, குத்துமதிப்பாய் ஊற்றாதே.

மாமியார் கதையைப் படித்து மருந்தகத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு மேலே வந்து உன் கடிதத்தை மறுபடி படித்தேன். மண்ணைப் பற்றி இத்தனை வரி எழுதியவன், செலவு செய்பவரைப் பற்றி மட்டும் "ஒரு பெரியவர்" என்று சொல்லி நகர்ந்துவிட்டாய். சிறு வயதில் நீ எதையாவது உடைத்துவிட்டால் இப்படித்தான் பேச்சை வேறு பக்கம் திருப்புவாய்.

யார் அவர்?

அக்கா

பிப்ரவரி 20

அக்காவுக்கு வணக்கம். இங்கே அனைவரும் நலம்.

அவர்தான். வெள்ளைச்சட்டை. வயதாகிவிட்டது, கைத்தடி வைத்திருக்கிறார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது.

கோபப்படாமல் இருக்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. இரத்த அழுத்த மாத்திரையை மட்டும் தவற விடாதீர்கள்.

தம்பி

பிப்ரவரி 24

நின்று நிதானமாய்க் கணக்குத் தீர்ப்பவனை வணங்கி, தம்பிக்கு எழுதுவது.

மாத்திரை தவறவில்லை. மற்றவர்க்கு எடுத்துக் கொடுப்பவள் தனக்கு மறப்பாளா? மனத்துக்குத்தான் மாத்திரை இல்லை.

உனக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன். எழுதாவிட்டால் நெஞ்சு வெடிக்கும். நம் தெருவின் கோடியில் நின்ற குன்றை வீடுகள் கட்டி விற்பதற்காக அந்த வெள்ளைச்சட்டை அடியில் குடைந்தான். குன்றின் வயிற்றில் மூன்று ஊற்றுக்கண்கள் இருந்தன. வீடு வாங்க வருகிறவர்கள் ஈரத்தைக் கண்டு பின்வாங்குவார்கள் என்று மூன்றையும் சிமெண்டால் அடைத்தான். நில அளவையாளரான உன் அத்தான் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். அன்று கல்லூரி மாணவனான நீதானே அவருக்கு அளவுகோல் பிடித்தாய்! வெளியேற வழியில்லாத நீர் உள்ளேயே திரண்டது. விரிசலை அளக்க அவர் அடிவாரத்தில் நின்றபோது சரிவு மொத்தமாய் இறங்கியது.

நீதிமன்றத்தில் அவன் கடவுளைச் சாட்சி வைத்துச் சொன்னது உனக்கு நினைவிருக்கும். "அந்தக் குன்றுல ஊற்றே கிடையாதுங்க. மழை கூடிப்போச்சு, அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?" அதற்குள் குன்றையே லாரியில் ஏற்றி அனுப்பியிருந்தான். இல்லாத குன்றில் ஊற்று எங்கே இருந்தது என்று யார் காட்டுவது? அவன் வீட்டுக்குப் போனான். நான் மருந்தகத்துக்குத் திரும்பினேன்.

பொறுமையைப் போற்றாத மறைநூல் இல்லை; அத்தனையும் எனக்கு மனப்பாடம். ஆனால் அதே நூல்கள் கொடியவனுக்குக் கூலி உண்டு என்றும் சொல்கின்றன. இப்போது அந்தக் கூலி உன் கைக்கு வந்திருக்கிறது. குன்றுக்குள் நீர் வடிய நீ கல்லும் குழாயுமாய் வடிகால் வைப்பாய் அல்லவா? அவன் வீட்டைப் பார்த்த பக்கத்தில் அதை வைக்காதே. வேறொன்றும் செய்ய வேண்டாம். மழை அறியும் தன் வேலையை.

அவன் மகனும் பேரப்பிள்ளைகளும் வேறு ஊரில் இருப்பதாகக் கேள்வி. அந்த வீட்டில் தனியாய்க் கிடக்கிறானாம். அதையும் விசாரித்துவிட்டேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அக்கா

ஏப்ரல் 2

இறைவன் துணை.

நான் நலம். உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. அஞ்சல்காரர் என்னைக் கண்டாலே, "இன்னைக்கும் இல்லம்மா, என்னை ஏன் அப்படிப் பாக்குறீங்க, நானா எழுதணும்?" என்கிறார். முடியாது என்றால் முடியாது என்று எழுது. பயந்தவன் என்று உன்னை நான் ஏச மாட்டேன். உன் அத்தானின் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் நீ முதல் நேர்காணலுக்குப் போனாய் என்பதையும் சொல்லிக்காட்ட மாட்டேன்.

அக்கா

ஏப்ரல் 19

மதிப்பிற்குரிய அக்காவுக்கு வணக்கம்.

தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அனைவரும் நலம். உங்கள் மருமகளுக்கு முன்பல் இரண்டு விழுந்துவிட்டது. சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்கிறாள்.

குன்று எழுந்துவிட்டது. களிமண்ணை வயிற்றில் நிரப்பி, வளமான மண்ணை மேலே போர்த்தியாயிற்று. வடிவம் கொஞ்சம் கோணலானது. ஒரு பக்கம் தோள் உயர்ந்து, மறுபக்கம் இரண்டு மடிப்பாய் இறங்கும். அந்த மடிப்புகளைச் செதுக்க மருமகன் மிகவும் திணறிவிட்டான். அவன் தட்டையாக்கிவிட்டுப் போவான், மாமியார் விட மாட்டார். நகரசபைப் பொறியாளர் தலையைச் சொறிந்தார். "ஏன் சார், கவுத்து வெச்ச கிண்ணம் மாதிரி அழகா பண்ணியிருக்கலாமே. இது யாரோ கோவிச்சுக்கிட்டுத் திரும்பி உக்காந்த மாதிரி இருக்கு." "குன்றுன்னா அப்படித்தான் சார் உக்காரும்" என்றேன். வெள்ளைச்சட்டை வந்து கைத்தடியை ஊன்றிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு, நம்ம படுக்கையறைக்கு நேரா இருக்கு" என்று சொல்லிக் கையெழுத்திட்டார். இனி அதில் ஒரு கூடை மண்ணை மாற்றுவதானாலும் நகரசபை கூடித்தான் மாற்ற வேண்டும்.

வடிகாலைப் பற்றி எழுதியிருந்தீர்கள். மண் மூடியாகிவிட்டது. மூடிய மண்ணுக்குள் இருப்பது எனக்கும் மாமியாருக்கும் மட்டுமே தெரியும்.

தம்பி

ஏப்ரல் 28

கேட்டதைக் கேட்டபடி அருள்பவனை வணங்கி, என் உடன்பிறப்புக்கு எழுதுவது.

உன் கடைசி இரண்டு வரிகளைப் படித்துவிட்டு விளக்கின் முன் வெகுநேரம் அமர்ந்திருந்தேன். நீ வெளிப்படையாய்ச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. நாம் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள்.

நெடுநாளுக்குப் பிறகு பசித்துச் சாப்பிட்டேன். பழம்பாட்டில் பகைவன் ஊரை மழை முற்றுகையிடும் பகுதியை உரக்கப் படித்தேன். கீழே மருந்தகத்தில் வேலை செய்யும் பெண், "என்னம்மா, இன்னைக்கு முகமே வேற மாதிரி இருக்கு, கல்யாணமா?" என்று கேலி செய்தாள். "ஆமாடி, ஒருத்தருக்கு" என்றேன்.

உங்கள் பக்கம் மழைக்காலம் எப்போது தொடங்கும்? அதை மட்டும் எழுது. குழந்தைக்குப் பல் முளைக்கும்வரை இனிப்பைக் குறை.

அக்கா

மே 10

மதிப்பிற்குரிய அக்காவுக்கு வணக்கம். நலம்; நலமறிய ஆவல்.

மழைக்காலம் வரை காத்திருக்க வேண்டாம். மே 24 அன்று குன்றுக்கு நீர்ச் சோதனை. தெளிப்பான்களும் தண்ணீர் லாரிகளும் வைத்து, ஒரு பருவத்து மழையைப் பகல் முழுவதும் குன்றின்மேல் பொழிவோம். சரிவு அசைகிறதா என்று மாமியார் மேலே நடந்து அளப்பார்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. இதுவரை உங்களிடம் சொன்னதில்லை, பயப்படுவீர்கள் என்று. சோதனை முடியும்வரை குன்றை வரைந்தவன் அதன் அடிவாரத்தில் நிற்க வேண்டும். எந்திரம் கட்டியதை எந்திரமே சரிபார்த்தால் போதாது, வரைந்தவன் தன் உடம்பை ஈடு வைக்க வேண்டும் என்பது எங்களுக்குள் எழுதாத சட்டம். நிற்காதவனுக்கு அடுத்த குன்றை யாரும் கொடுப்பதில்லை. வெள்ளைச்சட்டை இதைக் கேட்டுவிட்டு, "நீ நின்னா நானும் நிக்கிறேன்யா, பேப்பர்காரங்களையும் வரச்சொல்லு" என்று சொல்லிவிட்டார். ஆகவே அவர் வீட்டுப் பக்கத்துச் சரிவின் கீழே, இருவரும் அருகருகே நிற்போம்.

உங்கள் ஆசி வேண்டும்.
தம்பி

மே 17

தம்பி,

வணக்கமும் நலமும் பிறகு. நீ நிற்காதே.

உன் கடிதம் வந்ததும் தொலைபேசியை எடுத்தேன். இத்தனை ஆண்டு தொடாத கருவியை எடுத்து, எண்ணைத் தப்புத்தப்பாய் அழுத்தி, கடைசியில் உன்னைப் பிடித்தால் மணி அடிக்கிறது, நீ எடுக்கவில்லை. மறுபடி அழைத்தேன். எடுக்கவில்லை. பிறகு வீட்டு எண்ணுக்கு அழைத்தேன், உன் மனைவி எடுத்தாள். நீ வேலையிடத்திலேயே தங்கிவிட்டாய் என்றாள். பின்னால் குழந்தை, "அத்தையா? நெசமாவே அத்தையா? போன்லயா?" என்று கத்தினாள். அவளிடம் என்ன சொல்வேன்? வைத்துவிட்டேன்.

வழக்கமாவது, எழுதாத சட்டமாவது! காய்ச்சல் என்று படுத்துக்கொள். கால் முறிந்தது என்று சொல். அவன் தனியே நிற்கட்டும்.

மேலே எழுதியதை அடிக்கவில்லை. நான் நினைத்தது உனக்குத் தெரியட்டும். ஆனால் உன்னை நான் அறிவேன். நீ விலகமாட்டாய். உன் அத்தானும் விலகாமல்தான் போனார். ஆகவே அவனும் நிற்க வேண்டாம், யாரும் நிற்க வேண்டாம். மாமியாரையும் மருமகனையும் மறுபடி மேலே ஏற்றி மண்ணைத் திற. வடிகாலை வை. நகரசபை கேட்டால் கூட்டம் கூட்டட்டும். உன் பெயர் கெட்டால் கெடட்டும்.

இதனால் அவனை நான் மன்னித்துவிட்டதாய் எண்ணாதே. அவனுக்கு என் நெஞ்சில் வைத்திருக்கும் இடம் ஓர் அணுவும் குளிரவில்லை. அதற்காக உன்னைக் கொடுக்க என்னால் ஆகாது. அவ்வளவே.

விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன். பதில் எழுது. எழுதாவிட்டால் புறப்பட்டு வந்து நானே உன் பக்கத்தில் நிற்பேன்.

அக்கா

மே 25

மதிப்பிற்குரிய அக்காவுக்கு வணக்கம்.

நான் நலம். தலை முதல் கால் வரை நலம். சோதனை முடிந்ததும் உங்களை அழைத்து "உயிரோடு இருக்கிறேன்" என்று சொன்னதைத் தவிர வேறெதுவும் பேச முடியவில்லை. நீங்கள் அழுதுகொண்டே திட்டினீர்கள். ஆகவே எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் சோதனைக்கு முந்தைய நாளே கிடைத்தது. நின்று முடித்த பிறகுதான் பிரித்தேன். அதில் என்ன எழுதியிருந்தாலும் முன்பே படித்திருந்தால் நிற்கும் உறுதி குலைந்திருக்கும்.

வடிகால் முதல் அடுக்கிலேயே வைத்தாயிற்று. அது இல்லாமல் ஒரு கூடை மண்ணையும் நான் ஏற்றியதில்லை. ஆனால் அக்கா, அந்தக் குன்றை நான் வரையவில்லை. அத்தானோடு நடந்து நடந்து அளந்த குன்று அது. தோளும் இரண்டு மடிப்பும் நம் தெருக்கோடியில் நின்ற அதே அளவு. மண்ணுக்கும் எந்திரத்துக்கும் வெள்ளைச்சட்டையே செலவு செய்கிறேன் என்று வந்தபோது, மறுக்க எனக்கு மனம் வரவில்லை. வடிகால்களின் வாய்களை, அந்த மூன்று ஊற்றுக்கண்கள் இருந்த இடத்திலேயே திறந்துவிட்டேன்.

காலையில் நீர் பொழியத் தொடங்கியது. அவர் குடைக்குக் கீழே உற்சாகமாக நின்றார். "என்னய்யா, நம்ம குன்று சும்மா ஜம்முனு நனையுதுல்ல?" என்று பத்திரிகைக்காரப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தார். நடுப்பகலில் முதல் வாய் கசிந்து, பிறகு கொட்டியது. இடப்பக்கம் இரண்டாவது. மடிப்புக்குள் மூன்றாவது. ஈரமான சரிவில் குன்றின் வடிவம் முழுதாய்த் தெரிந்தது. குடை அவர் கையை விட்டு நழுவியது.

"ஏய்... இது... இதை நான் அடைச்சேன்ல?" என்றார். "மூணையும் அடைச்சேனே! சிமெண்டைக் கொட்டி நான்தானே நின்னு அடைச்சேன்! மறுபடி எப்படிடா வந்துச்சு?"

"எதை சார் அடைச்சீங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"அந்த ஊத்தைத்தான்மா! அந்த அளக்கிறவன் செத்தானே, அந்தக் குன்று ஊத்து!"

ஊரிலிருந்து வந்திருந்த அவர் மகன் பாய்ந்து வந்து, "அப்பா, வாயை மூடுங்க, வாங்க உள்ள" என்று இழுத்துப் போனார். எல்லோரும் கேட்டுவிட்டார்கள், படமும் பிடித்துவிட்டார்கள். மேற்பார்வையாளர் என் காதருகே, "அண்ணே, நம்ம மாமியாரே இப்படி ஒரு குத்தத்தைக் கண்டுபிடிச்சதில்லையே" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொழுது சாயும்வரை நின்ற இடத்திலேயே நின்றேன். சரிவு ஒரு விரல்கூட அசையவில்லை.

நான் யார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு இன்று காலை அவர் மகன் வந்தார். "அப்பா ஜன்னலைத் திறக்க விட மாட்டேங்கிறார். மூடினாலும் சத்தம் கேக்குதாம். குன்று மேல இருக்கிற புல்லுக்குத் தண்ணி விடுற வரைக்கும் அது நிக்காதுன்னு பொறியாளர் சொல்றார். அந்த மூணு வாயை மட்டும் அடைச்சுக் குடுங்க. உங்க அக்கா கால்ல விழணும்னாலும் அப்பாவைக் கூட்டிட்டு வந்து விழ வைக்கிறேன்" என்றார். அடைத்தால் என்ன ஆகும் என்று அவருக்கு விளக்கினேன். தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அக்காவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பியிருக்கிறேன்.

வழக்கை மறுபடி திறக்கலாம் என்கிறார் நகரசபை வழக்கறிஞர். உங்கள் கையெழுத்து வேண்டும்.

தம்பி

ஜூன் 9

மறைத்ததை வெளிக்கொணர்ந்து, வெளிவந்ததை நிலைநிறுத்தும் பெருமானை ஆயிரம் முறை வணங்கி, என் தம்பிக்கு அக்கா எழுதுவது.

நலம். முழங்கால் வலிகூட இந்த வாரம் எட்டிப் பார்க்கவில்லை.

உள்ளே வடிகால் உண்டா இல்லையா என்று சொல்லாமல் என்னை இத்தனை நாள் வதைத்தாயே, உன்னை நேரில் கண்டால் காதைத் திருகுவேன். நான் கேட்ட பழி ஓர் இரவில் முடிந்துபோகும் பழி. அவன் உறங்கிக்கொண்டே போயிருப்பான். தான் எதற்காகப் போகிறோம் என்று அறியாமலே போயிருப்பான். நீ கொடுத்தது வேறு. இறைவன் என் வேண்டுதலை மறுத்து, என் வேண்டுதலினும் பெரியதை உன் கையால் தந்தான்.

வழக்குத் தாளில் கையெழுத்திட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். விசாரணைக்கு நானே வருவேன். ஊற்றே இல்லை என்று எந்தக் கூண்டில் நின்று சொன்னானோ, அந்தக் கூண்டையே பார்த்தபடி முதல் வரிசையில் உட்காருவேன்.

மகனிடம் சொல்: காலில் விழ வேண்டாம். வலிக்கு மருந்து கேட்டு வருகிறவர் யாராயினும் எடுத்துக் கொடுப்பது என் தொழில்; மன்னிப்பு எங்கள் கடையில் இருப்பில் இல்லை. அந்த மூன்று வாய்களை ஒருநாளும் அடைக்கக் கூடாது. அடைத்தால் சரியும், சரிந்தால் யார் சாவார் என்பது அவன் அப்பனுக்குத் தெரியும். வீட்டை விற்றுவிட்டுப் போகலாம். போகும் ஊரிலும் மழை பெய்யும்.

நாள்தோறும் பூசையில் அவனுக்காகவும் வேண்டிக்கொள்கிறேன் என்று சொல். அவன் நூறாண்டு வாழட்டும். கண் மங்காதிருக்கட்டும், செவி மந்தமாகாதிருக்கட்டும், நினைவு ஒரு நொடியும் தப்பாதிருக்கட்டும். காலையில் புல்லுக்கு நீர் விடும்போதெல்லாம் முதலில் விழிப்பவன் அவனாகவே இருக்கட்டும்.

உனக்கும் உன் மனைவிக்கும் என் மருமகளுக்கும், இக்கடிதத்தை வாசிக்கும் கண்களுக்கும் அவை வாழும் இல்லத்துக்கும் நோயின்மையும் நிறைந்த களஞ்சியமும் அச்சமற்ற உறக்கமும் அவன் அருளட்டும். உங்கள் கூரைமேல் பெய்யும் மழை இதமாகப் பெய்து, வழியறிந்து வடிந்து போகட்டும்.

என்றும் ஆசிகளுடன்,
அக்கா